நாக்குப் புற்றுநோய்க்குப் பின் மனச்சோர்வு: கடலூர் மீன் ஏலக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். கட்டி இல்லை என்று ஸ்கேன் சொன்ன பிறகுதான் இவர் நிலைமை மோசமானது. அது வெளியே தெரிய ஏன் அத்தனை மாதம் பிடித்தது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கப் போகிறோம். அவருக்கும் அவர் மனைவிக்கும் இதை வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கியிருக்கிறோம். ஆள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

பின்னணி

வயது 54. கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் ஏலம் விடுபவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மனைவி, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் மகன், சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகள், பேரன்.

இந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. வலை, டீசல், இன்ஜின் பழுது என்று படகுக்காரர்களுக்கு ஏலக்காரர் முன்பணம் கொடுப்பார். பதிலுக்கு அந்தப் படகு கொண்டுவரும் மீனை அவர்தான் ஏலம் விடுவார். விற்ற பணத்தில் கமிஷன் எடுத்துக்கொள்வார். ஆக இவருக்கு முதலீடு இரண்டு. ஒன்று பணம், இன்னொன்று குரல். விடியற்காலையில் ஐஸ் லாரி சத்தத்தையும் ஆட்கள் சத்தத்தையும் தாண்டி விலை கேட்க வேண்டும். வாங்குபவர் தலையாட்டிய விலை இதுதான் என்று அங்கேயே எல்லாருக்கும் உறைக்க வேண்டும். முப்பது வருஷமாக அதைச் செய்துவந்தவர்.

இளவயதிலிருந்தே வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம். நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண் வந்து மூன்று மாதமாக ஆறவில்லை. பல் உரசுகிறது என்று நினைத்து மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார். கடைசியில் கடலூரில் ஒரு பல் மருத்துவர் சந்தேகப்பட்டுச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று உறுதியானது. கழுத்தில் ஒரு நெறிக்கட்டிக்கும் பரவியிருந்தது.

செப்டம்பரில் அறுவை சிகிச்சை. நாக்கில் ஏறக்குறைய பாதியை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். வலது கழுத்தின் நெறிக்கட்டிகளையும் அகற்றினார்கள். அப்புறம் நவம்பர், டிசம்பரில் கதிர்வீச்சு. எங்கள் பக்கம் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 தவணை, 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மழைக்காலம் முழுக்க அதிலேயே போனது. வாயெல்லாம் புண்ணாகி, பாதியிலேயே மூக்குக் குழாய் போட வேண்டியதாயிற்று. சிகிச்சைக்கு முன் 66 கிலோ இருந்தவர், முடியும்போது 58.

அறுவை சிகிச்சையும் கரண்டும் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விட்டன. தங்கும் செலவு, போக்குவரத்து, மகன் எடுத்த சம்பளமில்லா விடுப்பு எல்லாம் கைக்காசு. படகுகளுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கித்தான் சமாளித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்த படகுகள் வேறு ஏலக்காரரிடம் போய்விட்டன. மிச்சமிருந்த நான்கைந்து படகுகளின் ஏலத்தை மனைவியின் தம்பி பார்த்துக்கொண்டார்.

மார்ச்: எல்லாம் சரியாக இருந்த நாள்

சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. அன்றைக்கே வழக்கப்படி மனநிலைக் கேள்வித்தாளும் நிரப்பப்பட்டது. நாங்கள் பயன்படுத்துவது ஸிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983இல் உருவாக்கிய அளவுகோலின் தமிழ் வடிவம். மொத்தம் 14 கேள்வி. பதற்றத்துக்கு ஏழு, மனச்சோர்வுக்கு ஏழு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒரு பகுதியில் 7 வரை இயல்பு, 8 முதல் 10 வரை எல்லைக்கோடு, 11 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். தூக்கம், பசி, எடை பற்றி இதில் கேள்வியே கிடையாது. அவை நோயாலும் மருந்தாலும் எப்படியும் கெட்டுப்போகும், அதைவைத்து மனதை எடை போட முடியாது என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். புற்றுநோய்ப் பிரிவுகளில் இது அதிகம் புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று அவருக்குக் கிடைத்தது பதற்றம் 5, மனச்சோர்வு 4. கோப்பில் 'நன்றாக இருக்கிறார், தைரியம் சொல்லி அனுப்பப்பட்டது' என்று எழுதியிருக்கிறது.

கோப்பில் இல்லாதது ஒன்று உண்டு. பதில் சொன்னது அவர் இல்லை. அவர் பேச்சு தெளிவாக இல்லாததால், கேள்வியை வாசித்த செவிலியர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவி சொன்னார், இவர் தலையாட்டினார். வெளியே முப்பது பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் இது எங்கேயும் நடக்கக்கூடியதுதான். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. 'மனசு உடைஞ்சா நோவு திரும்ப வந்துடும்' என்று உறுதியாக நம்பினார். கணவர் முன்னால் 'ஆமாம், சோர்வாகத்தான் இருக்கிறார்' என்று ஒரு தடவை சொன்னாலே போதும், அது பலித்துவிடும் என்கிற பயம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: தடைக்காலம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். சின்னப் படகுகள் மட்டும் போய்வருவதால் துறைமுகத்தில் பெரிய ஏலம் இருக்காது. ஆண்கள் வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், பாதி நேரம் வீட்டில்தான் இருப்பார்கள். இவரும் இருந்தார். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை என்றால் வாய்ப்புண்ணும் வெயிலும் காரணமாகத் தெரிந்தன.

ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போயின. முதல் நாள் மீன் வந்து இறங்குவது அந்த ஊரில் ஒரு திருவிழா. இவர் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. வீட்டின் பின்கட்டில், வாயோரம் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எச்சில் ஒழுகுமோ என்று அந்தத் துண்டை அவர் கீழே வைப்பதே இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு தனியாகப் போய்க் கஞ்சி குடித்திருக்கிறார். பேரன் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். மனைவி முதல்முறையாகப் பயந்தது அதைப் பார்த்துத்தான்.

ஜூலை: மதிப்பீடு

ஜூலை ரிவ்யூவில் எடை 51. வாயைப் பரிசோதித்த அறுவை மருத்துவர் கட்டி இல்லை என்று உறுதிப்படுத்திவிட்டு, எடை ஏன் இறங்குகிறது என்று கேட்டு எங்களிடம் அனுப்பினார். இந்த முறை மனைவியையும் மகனையும் மருந்து வாங்க அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில். விரலால் காட்டச் சொன்னேன். பழையபடி நன்றாக இருந்தால் மூடிய கை, மிக மோசம் என்றால் மூன்று விரல். விலைக்கு விரல் காட்டியே வாழ்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்பு ரசித்தவற்றை இப்போதும் ரசிக்கிறீர்களா என்பதற்கு யோசிக்காமல் மூன்று விரலை நீட்டினார். எதிர்காலத்தை எதிர்பார்த்திருக்கிறீர்களா என்பதற்கும் மூன்று.

பதற்றம் 12, மனச்சோர்வு 15.

இந்த 15ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. மனச்சோர்வுப் பகுதியில், எல்லாம் மந்தமாகிவிட்டது போல் இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. உடல் காரணத்தாலும் அதற்கு மதிப்பெண் ஏறும். தோற்றத்தில் அக்கறை இருக்கிறதா என்று இன்னொன்று. இவர் சவரம் செய்துகொள்ளாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கழுத்துத் தோல் மரத்துப்போய் பிளேடு பட்டாலும் தெரியாது என்கிற பயம். இந்த இரண்டுக்கும் கிடைத்த 5ஐக் கழித்தாலும் மிச்சம் ஐந்து கேள்விகளில் 10 இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

வாழ்க்கைத் தரத்துக்கு ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 30 கேள்வித் தாளைப் பயன்படுத்துகிறோம். அதன் கடைசி இரண்டு கேள்விகள், போன வாரம் உடல்நிலையும் வாழ்க்கையும் மொத்தத்தில் எப்படி இருந்தன என்று 1 முதல் 7 வரை கேட்கும். இவர் இரண்டுக்கும் 2 என்றார். நூறுக்கு மாற்றினால் 17.

அப்புறம் நேரடியாகவே கேட்டேன்: செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா? கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளறிவிடுவோம் என்று குடும்பத்தார் பயப்படுவார்கள். சில மருத்துவர்களும் தயங்குவார்கள். அப்படி நடப்பதில்லை என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். தலை, கழுத்துப் புற்றுநோய் வந்தவர்களுக்குத் தற்கொலை ஆபத்து மற்றப் பல புற்றுநோய்களைவிட அதிகம் என்பதால் இவரிடம் கேட்காமல் விடவே முடியாது. அவர் சொன்னது முதலில் எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னதில் அவருக்கு எரிச்சல் வந்தது. மெதுவாகச் சொன்னார்: "நான் இருந்து என்ன பண்ணப் போறேன். இவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்." திட்டம் எதுவும் இல்லை, முயற்சியும் செய்ததில்லை. குடியை நோய் தெரிந்த அன்றே விட்டிருந்தார். புகையிலையும் இல்லை.

அன்று வெளியே வந்த இன்னொரு விஷயம் அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. மார்ச்சில், ஸ்கேனுக்கு முன், ஒரு நாள் விடியற்காலை ஏலத்துக்குப் போயிருக்கிறார். ஒரு பெட்டி சங்கராவுக்கு 'எழுநூறு' என்று இவர் சொன்னது இன்னொருவர் காதில் 'எண்ணூறு' என்று விழுந்திருக்கிறது. தகராறு. பின்னால் நின்ற யாரோ சிரித்திருக்கிறார்கள். மச்சானிடம் கணக்கு நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர், வீட்டில் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். 'மனச்சோர்வு 4' என்று பதிவானது அதற்கடுத்த வாரம்.

பதற்றத்துக்கும் ஒரு குறிப்பான காரணம் இருந்தது. வலது காதில் விட்டுவிட்டு வலி. நோய் வந்த புதிதிலும் இப்படித்தான் வலித்ததாம். திரும்ப வந்துவிட்டது என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, அதைக் கேட்கப் பயந்து மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் காது வலி. அன்றைக்கே ஸ்கோப் (கேமராக் குழாய்) போட்டுப் பார்க்கச் சொன்னோம். எதுவும் இல்லை. தாடை இறுக்கத்தாலும், சிகிச்சை பெற்ற இடத்து நரம்புகளாலும் காதுக்குப் பரவும் வலி என்று மருத்துவர் படம் போட்டு விளக்கினார். கூடவே வலது தோள் தொங்கியிருப்பதையும் கவனித்தார். கழுத்து அறுவையில் தோளுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டால் இப்படி ஆகும். கை மேலே போகாததால் பெட்டியைத் தூக்க முடியவில்லை, அதையும் இவர் புற்றுநோய்க் கணக்கில் சேர்த்திருந்தார். பிசியோதெரபி தொடங்கியது.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் 16. நான்கு, ஐந்தைத் தாண்டினாலே கூடுதல், அதாவது தைராய்டு மந்தம். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு மந்தமாவது அடிக்கடி நடக்கும். சோர்வு, மந்தம், ஆர்வமின்மை என்று அது மனச்சோர்வைப் போலவே வேஷம் கட்டி வரும். தைராக்சின் 50 மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில்.

இங்கே ஒரு விவாதம் நடந்தது. தைராய்டை மட்டும் சரி செய்து ஆறு வாரம் பார்க்கலாம், மனநிலை தானாகத் தேறினால் இன்னொரு மருந்து எதற்கு என்பது ஒரு கருத்து. நியாயமானதுதான். ஆனால் எடை இறங்கிக்கொண்டிருந்தது, சாவு எண்ணம் இருந்தது, ஆறு வாரம் காத்திருப்பது ஆபத்து என்று மனநல மருத்துவர் சொன்னார். இரண்டையும் சேர்த்தே தொடங்கினோம். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல இதனால் முடியாமல் போகிறது. ஆய்வுக்கு அது குறைதான். அவருக்கு அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

மனச்சோர்வு மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கல். எச்சில் சுரப்பிகள் கரண்டில் வாடிப்போய் வாய் ஏற்கெனவே காய்ந்து கிடக்கிறது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் வாயை இன்னும் காய வைக்கும். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகை தொடக்கத்தில் குமட்டலைத் தரலாம். மிர்ட்டாசபின் தூக்கத்தையும் பசியையும் கூட்டும்; இவருக்கு இரண்டும் தேவை. அதற்கும் வாய் உலரும், கொஞ்சம்தான் என்று பேசி முடிவானது. இரவில் 7.5 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து 15.

பாதுகாப்புத் திட்டம் எழுத உட்கார்ந்தபோது இன்னொன்று உறைத்தது. நெருக்கடியில் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவைக்குப் பேசுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறோம். இலவசம், தமிழில் பேசலாம், நல்ல சேவை. ஆனால் நேரில் பேசினாலே புரியாதவர் போனில் என்ன பேசுவார்? அதனால் அந்த எண்ணை மனைவிக்கும் மகனுக்கும் கொடுத்தோம். அவர் செய்ய வேண்டியது மகனுக்கு அடுத்தடுத்து இரண்டு மிஸ்டு கால். மகனிடம் எதைச் சொல்லலாம் என்பதை அவரிடம் கேட்டுத்தான் சொன்னோம். சாவு எண்ணம் மகனுக்குத் தெரியட்டும், மனைவிக்கு இப்போது வேண்டாம் என்றார். அப்படியே செய்தோம்.

மாதாமாதம் புதுச்சேரிக்கு வருவது கஷ்டம் என்பதால், ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து மாத்திரையை அங்கேயே வாங்க ஏற்பாடு செய்தோம்.

பேச்சுப் பயிற்சி

என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் திருப்பம் பேச்சுப் பயிற்சியாளரின் அறையில்தான். அவர் பாடப் புத்தகத்தை எடுக்கவில்லை. ஏலத்தில் என்னென்ன சொல்வீர்கள் என்று கேட்டு அதையே பயிற்சியாக வைத்தார். உதட்டில் பிறக்கும் ப, ம, வ எல்லாம் தெளிவாகவே வந்தன. நாக்கு மேலே போய் மடங்க வேண்டிய ட, ண, ழ, ள, ற குழைந்தன. அதனால் ஐம்பது புரிந்தது. ஏழும் எட்டும், எழுநூறும் எண்ணூறும் ஒன்றாகக் கேட்டன. அன்றைய தகராறு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அதுவரை மொத்தப் பேச்சும் போய்விட்டதாக நினைத்திருந்தார். நான்கைந்து எழுத்துதான் சிக்கல் என்றதும் உட்கார்ந்த நிலையே மாறியது.

எழுத்துகள் ஓரளவு தெளிந்தன, முழுக்க இல்லை. கத்தி விலை கேட்க இனி முடியாது என்று பயிற்சியாளர் ஒளிக்காமல் சொன்னார். பதிலுக்கு இவரே ஒரு வழி சொன்னார்: மீனைப் பார்த்து ஆரம்ப விலையை முடிவு செய்வது நான், விரலில் காட்டுவேன், கூவுவது மச்சான், நோட்டு என் கையில்.

தொடர்ந்து நடந்தவை

இரண்டாம் வாரத்தில் தூக்கம் வந்தது. வீட்டிலிருந்து செய்ய வேண்டிய பயிற்சித் திட்டத்தைச் சின்னதாகவே வைத்தோம். முதல் வாரம் விடியலில் துறைமுகம் வரை போய், ஐஸ் லாரிகள் நிற்கும் பக்கம் கால் மணி நேரம் நின்றுவிட்டு வர வேண்டும், யாரிடமும் பேச வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் நோட்டுடன் போய் உட்கார்ந்தார்.

இடையில் ஒரு சறுக்கல். பழைய வாடிக்கையாளர் ஒருவர் எல்லார் முன்னாலும், "என்ன அண்ணே, கேன்சராமே, இன்னும் எத்தினி நாளாம்?" என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. இவர் பத்து நாள் வெளியே வரவில்லை. நாங்கள் போய் இழுத்து வரவில்லை. படகுக்காரர் ஒருவர், கணக்கு ஒத்துப்போகவில்லை, அண்ணன்தான் பார்க்க வேண்டும் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். உண்மையிலேயே ஒத்துப்போகவில்லையா, சாக்கா என்று தெரியாது. மறுநாள் இவர் போனார்.

செப்டம்பரில் பதற்றம் 9, மனச்சோர்வு 9. தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் 6. தைராக்சினை 75 ஆக்கினோம். டிசம்பரில் பதற்றம் 8, மனச்சோர்வு 6, எடை 55, சாவு எண்ணம் இல்லை. வாழ்க்கைத் தரக் கேள்விகளில் 4, 5 என்றார், நூறுக்கு 58.

மாறாததையும் சொல்ல வேண்டும். வாய் உலர்வு அப்படியே இருக்கிறது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் எங்கும் போவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவார், பந்தியில் உட்கார மாட்டார். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் உண்டாம்; இந்த வருஷம் போனார், தோள் இடம் கொடுக்காததால் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மார்ச் ஸ்கேனுக்கு முந்திய வாரம் பதற்றம் மறுபடி 11க்கு ஏறியது, முடிவு வந்ததும் இறங்கியது. ஸ்கேன் நெருங்கும்போது இது பெரும்பாலானவர்களுக்கு வரும். அதற்கு மருந்தைக் கூட்டவில்லை. ஸ்கேன் எடுத்த அன்றே முடிவைச் சொல்லும்படி தேதியை மாற்றிக் கொடுத்தோம். அடுத்த தடைக்காலத்தில் வேலையில்லாமல் மனச்சோர்வு 8 ஆனது. இதை எதிர்பார்த்திருந்ததால் மாத்திரையை அந்த இரண்டு மாதமும் நிறுத்தாமல் வைத்திருந்தோம்.

எங்கள் பிரிவில் மாறியவை

பேச முடியாதவர்களுக்கு விரல் அல்லது படம் போட்ட அட்டை வைத்துத்தான் இப்போது கேள்வித்தாளை நிரப்புகிறோம். கூட வந்தவர் வெளியே இருக்க வேண்டும். பதில் சொன்னது யார் என்று தாளில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அந்தக் கட்டம் வந்த பிறகு பழைய கோப்புகளைப் புரட்டினால், யார் சொன்ன பதில் என்றே தெரியாதவை நிறைய இருக்கின்றன.

மூன்றாம் மாதத்தோடு நிறுத்தாமல், அவரவர் வேலைக்குத் திரும்ப வேண்டிய காலத்தில் இன்னொரு முறை கேட்கிறோம். மீனவர் என்றால் தடைக்காலம் முடிந்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரி வேலை பார்ப்பவர் என்றால் அந்தப் பருவத்தில். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனை செய்யப்படுகிறது. நாக்கு அறுவைக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். ஒரே ஒரு பயிற்சியாளர் இருக்கும் இடத்தில் அது இன்னும் எல்லாருக்கும் நடப்பதில்லை.

பாக்கி இருப்பது மனைவி. டிசம்பரில் அவருக்கும் கேள்வித்தாள் கொடுத்தோம். பதற்றம் 13. தூக்கத்தில் கணவரின் மூச்சைத் தொட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மருத்துவரைப் பார்க்கலாமா என்றால், "எனக்கு என்ன மேடம், நோவு அவருக்குத்தானே" என்கிறார். அடுத்த ரிவ்யூவுக்கு மகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறோம்.